தன் தாதை மறுக்கும் மலர்

பூந்தாது என்றதும் இலக்கியம் பயின்ற நமக்கு வண்டும் தேனுமே நினைவில் எழுகின்றன. அத்தாது சூலகமுடியில் விழுந்தபின் நிகழ்வதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விழும் தாதையெல்லாம் மலர் ஏற்பதில்லை. பல செடிகள் தம் சொந்தத் தாதையே மறுத்துவிடுகின்றன. 1760களில் ஜெர்மானியரான கெல்ராய்ட்டர் இதைக் கண்டு எழுதினார். மறுப்பின் சூட்சுமம் விளங்க இரு நூற்றாண்டுகளுக்கு மேலாயிற்று.

சார்லஸ் டார்வினுக்கு இது தாவரவியல் வினா மட்டுமன்று. 1839இல் அவர் மணந்த எம்மா அவருடைய தாய்மாமன் மகள். நம் வழக்கில் முறைப்பெண். பிறந்த பிள்ளைகள் பதின்மரில் மூவர் சிறு வயதிலேயே மறைந்தனர். உறவு மணம்தான் காரணமோ என்ற ஐயம் அவரை வாட்டியது. 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பில் இதுபற்றி ஒரு கேள்வியைச் சேர்க்க அவர் முயன்றார், நாடாளுமன்றம் ஏற்கவில்லை. தோட்டத்திலோ 11 ஆண்டுகள் செடிகளைச் சோதித்தார். தன் மகரந்தத்தால் விளைந்த கன்றுகள் பெரும்பாலும் உயரத்திலும் வளத்திலும் பின்தங்கியதை 1876இல் நூலாக வெளியிட்டார். மறுப்பதால் வரும் நன்மை தெரிந்தது. மலர் எப்படி மறுக்கிறது என்பது தெரியவில்லை. மரபணு என்ற சொல்லே பிறவாத 1882இல் அவர் காலமானார்.

1925இல் ஈஸ்டும் மாங்கல்ஸ்டார்ஃபும் புகையிலை இனச் செடிகளை ஆராய்ந்து விடையின் முதல் பகுதியைக் கண்டனர். பல வடிவங்களை உடைய எஸ் என்னும் மரபணு இடமே இதை ஆள்கிறது. தாது கொண்டுள்ள வடிவம் சூலகத்திலும் இருந்தால், தாதுக்குழலின் வளர்ச்சி பாதி வழியில் நின்றுவிடும். ஒரே குலத்தில் பெண் கொள்ளாத வழக்கைப் போன்றது இது.

முட்டைக்கோசு, கடுகு இனங்களில் கதை வேறு. அங்கே தடை சூலகமுடியின் வாசலிலேயே இருக்கிறது. நஸ்ரல்லா இணையரும் உடன் உழைத்தோரும் சூலகமுடியிலுள்ள உணரியை 1991இலும், அது உணரும் தாதுப் புரதத்தை 1999இலும் இனங்கண்டனர். இரண்டும் பொருந்தினால் கதவு சாத்தப்படும். இப்புரதம் இருப்பது தாதின் சுவர்மேல் படிந்த பூச்சில். அச்சுவரின் மூலப்பொருளான ஸ்போரோபொல்லெனின், பாறைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் அழியாது கிடக்கவல்லது. சுவர்மேல் பூச்சைப் பூசி அனுப்புவது மகரந்தப்பையின் உள்ளடுக்கு, அதாவது தந்தைச் செடியின் திசு. ஆகவே தாது தன் பெயரால் அன்றி, தந்தை வீடு உடுத்திவிட்ட ஆடையாலேயே அறியப்படுகிறது.

முறைப்பெண்ணை மணக்கும் வழக்கு முற்றிலும் மறையாத நம் ஊர்களில், டார்வினின் ஐயம் நமக்கும் அயலானதன்று.