கணக்கதிகாரத்தின் வினாக்கணக்குகளும் காவிரி நாட்டுத் திண்ணைப் பள்ளிகளும்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்ட கல்விக் கணக்கெடுப்பு, தஞ்சை மாவட்டத்தில் 884 பள்ளிகளையும் 109 உயர்கல்விக் கூடங்களையும் பதிவு செய்கிறது. இவ்வெண்ணிக்கை பலராலும் எடுத்தாளப்பெற்றது. ஆனால், அப்பள்ளிகளில் கணிதம் எவ்வாறு சிறுவர் நெஞ்சில் நின்றது என்பதை அறிக்கைகளைக் காட்டிலும் எண்சுவடியும் கணக்கதிகாரமுமே தெளிவாகக் காட்டுகின்றன.

எண்சுவடி வாய்பாட்டுத் தொகுதி. பேரிலக்கம், முந்திரி (1/320) முதலான பின்னங்கள், நெல்லிலக்கம், குழிமாற்று ஆகியவற்றை மாணவர் மணலில் எழுதியும் உரக்கச் சொல்லியும் பயின்றனர். 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. அவ்வழியே உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி எனப் பெருகிக் கலத்தை அடையுங்கால் நெல்மணிகளின் தொகை 13,82,400 ஆகிறது. கைப்பிடி நெல்லில் தொடங்கிக் களத்துமேட்டில் முடியும் இவ்வாய்பாடு, மருதநிலச் சிறுவனுக்குக் கண்ணெதிரே காணும் பொருளாக இருந்தது. இப்பள்ளிகளில் நினைவாற்றல் என்பது பொருளறியா மனப்பாடம் அன்று, அதுவே ஒரு கற்றல் முறை எனச் செந்தில் பாபுவின் ஆய்வுகள் நிறுவியுள்ளன.

எனினும் வாய்பாடு மட்டும் ஆர்வத்தைத் தூண்டிவிடாது. அவ்விடத்தை நிரப்புவது கணக்கதிகாரம். இதன் ஆசிரியர் காரிநாயனார் பொன்னி நாட்டுக் கொறுக்கையூரைச் சார்ந்தவர் எனப் பாயிரம் வழி அறியலாகிறது. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் இந்நூலை 1998இல் சத்தியபாமா காமேசுவரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்டது. நிலம், பொன், நெல், அரிசி என அன்றாட வாழ்வின் பொருள்களே இதன் பகுப்புகள். வட்ட வயலின் பரப்பைக் காணச் சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்குக என்பது இதன் விதிகளுள் ஒன்று. விட்டம் 14 கோல், சுற்று 44 கோல் எனில் 7 × 22 = 154 குழி. பிழையற்ற விதி இது.

வினாக்கணக்குகளில் நகைச்சுவையும் கலந்துள்ளது. 32 முழப் பனையில் ஏறும் ஓந்தி ஒன்று நாளுக்கு ஒரு சாண் ஏறி நான்கு விரல் இழிகிறது. உச்சியை அடைய எத்தனை நாள்? முழத்திற்கு 24 விரல் எனக் கொண்டால் பனையின் உயரம் 768 விரல், சாணுக்கு 12 விரலாதலின் நாளுக்கு எஞ்சும் ஏற்றம் 8, விடை 96. உச்சியைத் தொட்ட நாளில் இழிதல் கணக்கில் வாராதே என்னும் ஐயம் கூரிய மாணவனுக்கு எழும். சரிபார்த்தால், 95 நாளின் முடிவில் ஓந்தி 760 விரலில் நிற்கிறது. ஆகவே விடை மாறுவதில்லை. பனையின் உயரம் சிறிது குறைந்திருப்பின் மாறியிருக்கும். இத்தகைய விவாதத்திற்கு இடந்தருவதே இக்கணக்கின் சிறப்பு.

பலாச்சுளைக் கணக்கு வேறுவகையினது. காம்பருகே உள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை கிடைக்கும் என்பது விதி. பலா ஒரு கூட்டுக்கனி. அதன் முள் ஒவ்வொன்றும் ஒரு பூவின் எச்சம். கருவுற்ற பூவே சுளையாகிறது. ஆதலின் முள்ளையும் சுளையையும் தொடர்புபடுத்தியது வெறுங்கற்பனை அன்று. விடை துல்லியமாக அமையும் எனக் கொள்வது மிகை. ஆயினும் முன்கூட்டி மதிப்பிட்டு, பழத்தை அறுத்து, எண்ணிச் சரிபார்க்கும் வாய்ப்பை அது அளித்தது. இன்று செய்முறைக் கல்வி என வழங்குவதற்கு இது மிக அணித்தானது.

பாட்டின் வழி அறிவு புகட்டும் இம்மரபு புதிய அறிவியலையும் எதிர்கொண்டது. சுவார்ட்சு பாதிரியாரிடம் கல்வி கற்ற இருவர் இதற்குக் குறவஞ்சியைக் கையாண்டனர். இரண்டாம் சரபோசி மன்னர் (ஆட்சி 1798–1832) மராத்தியில் இயற்றியதாக வழங்கும் தேவேந்திரக் குறவஞ்சி உலக நிலவியலைப் பாடல்களாக உரைக்கிறது. வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியில் மேலை வானியல் இடம்பெறுகிறது.

இவற்றைக் கொண்டு திண்ணைப் பள்ளியை இன்பக் கூடமாகப் புனைந்துரைத்தல் தகாது. பிரம்பும் தண்டனையும் அதன் அன்றாட வழக்கங்கள். அதனினும் முதன்மையானது, அங்கு அமர்ந்தோர் யாவர் என்னும் வினா. தஞ்சை வழக்கில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. இவ்வளவைகளைப் பயின்றவன் கணக்குப்பிள்ளையாகவும் நிலக்கிழாராகவும் வளர்ந்தான். மேல்வாரம், குடிவாரம் என விளைச்சல் பங்கிடப்பெற்றபோது ஏட்டைப் பிடித்தவன் அவனே. சிறுமியர் இப்பள்ளிகளில் மிக அரியர். பண்ணையாள்களின் பிள்ளைகளுக்கு இவற்றின் வாயில் பெரும்பாலும் அடைபட்டிருந்தது. அவர்தம் பெற்றோர் கூலியாகப் பெற்ற நெல்லும் அதே மரக்காலால்தான் அளக்கப்பெற்றது. அளவு சரியா என வினவுதற்குரிய நெல்லிலக்கம் அவர்களுக்குக் கற்பிக்கப்பெறவில்லை.