கைத்தொழிலும் கல்வியே: சென்னைத் தொழிற்பள்ளிகளின் வரலாறு

கற்பக மரங்கள் மறைந்து, பசிக்கு வழியறியாது மக்கள் திகைத்து நின்ற காலத்தில், ஆதிபகவன் வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களையும் கற்பித்தருளினார் என்பது நம் மரபு. தம் மகளிருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் பயிற்றியவரும் அவரே. ஏட்டுக் கல்வி உயர்ந்தது, கைத்தொழில் தாழ்ந்தது என்னும் பிரிவினை அந்த ஆசானிடம் இல்லை. நாம் வாழும் இச்சென்னை மாநகரில் தொழில் கற்பிக்கும் பள்ளிகள் தோன்றி வளர்ந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்நினைவே முன்வந்து நிற்கும்.

1794ஆம் ஆண்டு மைக்கேல் டாப்பிங் என்னும் நில அளவையாளர், எட்டுச் சிறுவர்களைக் கொண்டு சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அச்சிறுவர்கள் ஆதரவற்றோர் இல்லத்திலிருந்து வந்தவர்கள் என்பது நாம் கருதத்தக்கது. தந்தையிடமிருந்து தொழில் கற்கும் பேறு இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளியே தந்தையாயிற்று. அப்பள்ளியே படிப்படியாக வளர்ந்து, 1920இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்து, இன்று உலகறிந்த பொறியியற் கல்லூரியாக விளங்குகிறது.

அடுத்து, 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தம் சொந்த முயற்சியால் கலைப்பள்ளி ஒன்றை நிறுவினார். இரண்டாண்டுகளில் அரசு அதனை ஏற்றது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி அதன் வழிவந்ததே. அங்கு ஓவியத்தோடு கைத்தொழில்களும் கற்பிக்கப்பட்டன. 1898ஆம் ஆண்டளவில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியை அங்கேதான் தொடங்கினார். நம் பாட்டிமார் அடுக்களையில் புழங்கிய அலுமினியப் பாத்திரத்தின் வரலாற்றில் ஒரு பள்ளியின் பணிமனைக்கும் இடமுண்டு. 1916இல் தொழிற்பள்ளியாகத் தோன்றியதே இன்று தரமணியில் உள்ள மத்திய பாலிடெக்னிக்.

இவ்வரலாற்றில் 1953ஆம் ஆண்டு ஒரு திருப்பம். இராஜாஜி ஆட்சியில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரம் மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றனர். மக்கள் அதனைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று எதிர்த்தனர். அடுத்த ஆண்டே காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது. எதிர்த்தவர்கள் தொழிலை வெறுத்தவர்கள் அல்லர். பிறப்பே தொழிலைத் தீர்மானிப்பதை வெறுத்தவர்கள். குலக்கல்விக்கும் தொழிற்பள்ளிக்கும் உள்ள வேறுபாடு இதுவே: முன்னது தந்தையின் தொழிலை மகன் தோளில் ஏற்றுவது, பின்னது எவர் பிள்ளைக்கும் எத்தொழிலையும் திறந்து வைப்பது.

பின்னர்க் கோத்தாரிக் குழு (1964–66) பள்ளியிலேயே தொழிற்கல்வி வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழகத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்பிரிவும் உடன் வந்தது. பொது இயந்திரவியல், மின் சாதனங்கள், தணிக்கையியல், செவிலியம், நெசவு எனப் பல துறைகள் பள்ளிக்குள் நுழைந்தன. நோக்கம் உயர்ந்ததே. அதனை நடத்திய விதத்தில்தான் நாங்கள், ஆசிரியர்கள், தவறினோம்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைப் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. மதிப்பெண் பட்டியலை மேலிருந்து எடுத்து அறிவியல் பிரிவுகளை நிரப்புவோம். அடியில் எஞ்சியவர்களுக்கே தொழிற்பிரிவு. ஒருமுறை, நல்ல மதிப்பெண் பெற்ற மாணவன் ஒருவன் பொது இயந்திரவியலைக் கேட்டான். "உன் மதிப்பெண்ணுக்கு அது எதற்கப்பா?" என்று கூறி அவனை அறிவியல் பிரிவில் சேர்த்தேன். அவன் தந்தையும் எனக்கு நன்றி சொன்னார். அதன்பின் இரண்டாண்டுகள், நான் செய்யுள் நடத்தும்போதெல்லாம், எதிர்ப்புறப் பணிமனையில் கடைசல் இயந்திரம் சுழலத் தொடங்கினால் அவன் தலை சன்னல் பக்கம் திரும்பும். கண்டிப்பதற்கு வாய் வராது. பிறப்பால் தொழிலை விதிப்பது பிழை என்று வகுப்பில் பேசிய நானே, மதிப்பெண்ணால் அதனை விதித்தேன்.

செஞ்சி, வந்தவாசிப் பகுதிகளில் ஏர் பிடித்த குடும்பங்களிலிருந்து எழுத்துப் பணியை நாடி நகருக்கு வந்தவர்கள் நம்முள் பலர். ஆதம்பாக்கத்தை அடுத்தே 1958இல் உருவான கிண்டித் தொழிற்பேட்டை உள்ளது; கிண்டியிலேயே அரசு தொழிற்பயிற்சி நிலையமும் உள்ளது. ஆயினும் அவற்றின் வாயிலை நம் பிள்ளைகளுக்கு நாம் காட்டியதுண்டா? வரும் சூன் மாதத்தில் உங்கள் இல்லத்துப் பிள்ளை ஒன்று, "எனக்குக் கைவேலைதான் பிடிக்கும்" என்று சொன்னால், மதிப்பெண் பட்டியலை எடுக்குமுன் அப்பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். ஆறு தொழில்களையும் ஒருசேரக் கற்பித்த பெருமானை வணங்கும் நாம், அவற்றுள் ஒன்றையும் இழிவாக எண்ணலாகாது.