மயிரின் அளவும் பாலின் அடையாளமும்: சேரநாட்டுச் சான்றுகளை முன்வைத்து

கொச்சியைச் சார்ந்த மட்டாஞ்சேரியில் உள்ள அரண்மனை 1555ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியரால் கட்டப்பெற்று, கொச்சி மன்னர் வீரகேரளவர்மருக்கு வழங்கப்பட்டது. 1663இல் ஒல்லாந்தர் அதனைப் புதுக்கினர். அதனால் மக்கள் வழக்கில் அது டச்சு அரண்மனை ஆயிற்று. அதன் சுவரோவியங்களைப் பற்றி எழுதுவோர் இராமாயணக் காட்சிகளையே முதன்மையாக எடுத்துரைப்பர். அவற்றோடு மாதொருபாகன் வடிவமும், திருமாலின் மோகினி வடிவமும் அங்குத் தீட்டப்பெற்றுள்ளன. ஓருடலில் இருபாலும் அமைந்த வடிவம் ஒன்று; ஒரு பாலினின்று மறுபாலாகத் தோன்றிய வடிவம் மற்றொன்று. இவ்விரண்டையும் அரசரின் உறைவிடச் சுவர்கள் இயல்பாக ஏற்றுள்ளமை கருதத்தக்கது.

மாதொருபாகன் வடிவில் ஆண்பாகமும் பெண்பாகமும் தலையில் எவ்வாறு வேறுபடுத்தப்படுகின்றன என்பது இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும். திருவிதாங்கூர்த் தொல்லியல் துறையின் கண்காணிப்பாளராக இருந்த து. அ. கோபிநாதராவ் 1914 முதல் 1916 வரை வெளியிட்ட படிமக்கலை நூலில் ஆகம, சிற்பநூல் விதிகளைத் தொகுத்தளித்துள்ளார். அவற்றின்படி வலப்பாகத்திற்குச் சடாமகுடம் உரியது. இடப்பாகத்திற்குக் கரண்டமகுடமோ வாரி முடித்த கொண்டையோ உரியது. சடையும் நெடுமயிரே, கொண்டையும் நெடுமயிரே. வலப்பாகத்தைக் குறுகக் கத்தரித்துக் காட்டுக என எவ்விதியும் கூறவில்லை. பாலை உணர்த்துவது மயிரின் நீளம் அன்று. அது புனையப்படும் முறையே என்பது இதனாற் புலனாகின்றது.

இன்று தம்மை ஆண் என்றோ பெண் என்றோ கொள்ளாத ஒருவர் முடிதிருத்தகத்தில் அமரும்போது, எவ்வளவு வெட்ட வேண்டும் என்னும் எளிய வினா அவருக்கு எளியதாக இருப்பதில்லை. குறுக வெட்டினால் ஆண் எனப்படுவார்; நீள விட்டால் பெண் எனப்படுவார்; தோளளவில் நிறுத்தினால் ஏன் எனக் கேட்கப்படுவார். அவர் மரபை மீறுகிறார் என்னும் குற்றச்சாட்டு அடுத்து வரும். அம்மரபு எது, எவ்வளவு பழமையானது என்பதைத் தமிழ்ச் சான்றுகள் கொண்டும், சேரநாடாயிருந்து கேரளமாகிய நிலப்பகுதியின் சான்றுகள் கொண்டும் ஆராய்வது இங்கு நோக்கமாகும்.

சொல்லும் முடிப்பும்

தமிழில் தலைமயிருக்கு வழங்கும் பெயர்கள் பால் வேறுபாடு உடையவை. கூந்தல், ஓதி, கதுப்பு, குழல், அளகம் என்பன மகளிர்க்கும், குஞ்சி, பித்தை, பங்கி, ஓரி என்பன ஆடவர்க்கும் பெரிதும் வழங்கின. நிகண்டுகளும் ஆண்மயிர், பெண்மயிர் எனப் பிரித்தே பெயர்களைத் தொகுத்துள்ளன. இப்பெயர்களுள் எதுவும் நீளத்தை அளவாகக் கொண்டு ஆண், பெண் எனப் பிரிக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. ஆடவர் குஞ்சியும் வளர்ந்ததே; அதற்கும் நெய்பூசினர், பூச்சூடினர். வேறுபாடு பெயரிலும் முடிப்பிலும் இருந்தது.

மகளிர் கூந்தலுக்கு ஐம்பால் என்றொரு பெயர் உண்டு. ஐந்து வகையாக முடிக்கப்படுதலின் இப்பெயர் பெற்றது என்பர். அவ்வைந்து வகைகள் எவை என்பதில் உரைகாரர் பட்டியல்கள் தம்முள் வேறுபடுகின்றன. ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என்னும் இலக்கணப் பாகுபாட்டிற்கும் ஐம்பால் என்பதே பெயர். இரண்டிலும் ‘பால்’ என்பது பகுப்பு என்னும் பொருளையே தருகின்றது. இவ்வொற்றுமையைப் பெரிதுபடுத்தி ஒரு கொள்கை வகுக்க வேண்டுவதில்லை. எனினும் கூந்தலையும் மொழியையும் பகுத்தறிய ஒரே சொல் பயன்பட்டமை நினைவிற் கொள்ளத்தக்கது.

நீளத்திற்குப் பொருள் இல்லாமல் இல்லை. அப்பொருள் பாலைச் சாராது வாழ்வின் நிலையைச் சார்ந்தது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடிய புறப்பாட்டில் (77) குடுமி களையப்பட்டமை பிள்ளைப்பருவம் நீங்கியதன் அடையாளமாக வருகின்றது. கணவனை இழந்தவள் கூந்தல் கொய்யப்படுவதைத் தாயங்கண்ணியார் பாட்டு (250) காட்டுகின்றது. திருக்குறளில் கூடாவொழுக்க அதிகாரத்தின் இறுதிக் குறள் (280) தலையை மழிப்பதையும் சடை வளர்ப்பதையும் ஒருங்கே பேசுகின்றது. அங்கு அவை இரண்டும் துறவுக் கோலங்கள். பருவம், கைம்மை, துறவு, வேண்டுதல் ஆகியவற்றை மயிரின் அளவு உணர்த்தியது. பாண்டியன் அவையில் கண்ணகி நின்ற கோலத்திலும் அவல நிலையை உணர்த்துவது விரிந்து கிடந்த கூந்தலே. அதன் நீளத்தில் மாற்றம் ஏதுமில்லை, முடிப்பு அவிழ்ந்தது அவ்வளவே.

கேரள நிகழ்த்துகலைகள் இதற்கு மேலும் அரண் செய்கின்றன. கதகளியில் பச்சை, கத்தி முதலிய ஆண் வேடங்களுக்கு முதுகில் புரளும் நீண்ட பொய்ம்மயிர் உண்டு. அதனைச் சாமரம் என்பர். மினுக்கு வகையைச் சார்ந்த பெண் வேடத்தில் கொண்டை துணியால் மூடப்பெறும். அரங்கில் நெடுமயிரை விரித்து ஆடுபவன் ஆண்; மயிர் மறைய வருபவள் பெண். எறணாகுளம், திருச்சூர், கோட்டயம், இடுக்கி மாவட்டங்களில் நிகழும் முடியேற்று 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அதில் ஆடவர் காளியாகின்றனர். முடி எனப்படும் தலைக்கோலத்தை ஏற்பதே அச்சடங்கின் பெயராகவும் அமைந்துள்ளது. கொல்லம் மாவட்டத்துச் சவறையை அடுத்த கொட்டன்குளங்கரைக் கோயிலில் மீன மாதத்தில் நிகழும் சமயவிளக்கில் ஆடவர் பெண்கோலம் பூண்டு, பொய்க்கூந்தலில் பூச்சூடி, விளக்கேந்தி நிற்பர். இவையெல்லாம் சடங்கின் எல்லைக்குள் நிகழ்பவை. விளக்கு அணைந்தபின் கோலம் கலைக்கப்படும். அன்றாட வாழ்வில் அக்கோலத்தில் இருக்க விழைபவருக்கு இச்சடங்குகள் தரும் பாதுகாப்பு மிகக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பேடியின் குழல்

ஆணுமன்றிப் பெண்ணுமன்றி நின்றோரின் மயிரைப் பற்றித் தமிழில் நேரடிச் சான்று உண்டா என்னும் வினாவிற்கு இரட்டைக் காப்பியங்கள் விடை தருகின்றன. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், புகார் நகர வீதியில் பேடிக் கூத்து நிகழ்கின்றது. வாணனது நகரில் காமன் ஆடியதாகக் கூறப்படும் அக்கூத்தைச் சிலப்பதிகாரம் மாதவியின் பதினோராடலுள் ஒன்றாக வைத்துள்ளது. மணிமேகலை அப்பேடியை வருணிக்கும்போது சுருண்ட தாடியையும் மருளச் செய்யும் பூங்குழலையும் அடுத்தடுத்துச் சொல்லிச் செல்கின்றது. தாடியை மழித்துப் பெண்ணாக்கவும் இல்லை. குழலைக் குறைத்து ஆணாக்கவும் இல்லை.

சிலப்பதிகார நீர்ப்படைக் காதையில் ஏறத்தாழ இதே சொற்களால் ஆரியப் பேடியர் வருணிக்கப்படுகின்றனர். சேரன் செங்குட்டுவன் கனகவிசயரைச் சோழ பாண்டியர்க்குக் காட்டுமாறு அனுப்பும் குழுவில் அவர்கள் இடம்பெறுகின்றனர். அங்கும் தாடியும் பூங்குழலும் அடுத்தடுத்தே நிற்கின்றன. இரு காப்பியங்களிலும் ஒரே தொடர் சிறு மாற்றத்துடன் வருதலின், பேடியின் தோற்றத்தைச் சொல்வதற்குப் புலவரிடையே நிலைபெற்ற ஒரு வாய்பாடு இருந்தது எனக் கருத இடமுண்டு. அவ்வாய்பாட்டில் மயிருக்குத் தேர்ந்த சொல் ‘குழல்’ என்னும் பெண்பாற் பெயர். முகத்து மயிருக்கு ஆண் அடையாளம், தலைமயிருக்குப் பெண் அடையாளம் என இருபாலுக்கும் உரியவை ஒரே முகத்தில் நிற்கவே, காண்போர் மருண்டனர்.

இதனைக் கொண்டு பண்டைத் தமிழகம் இத்தகையோரைப் போற்றியது என முடிவு செய்தல் பொருந்தாது. அண்மைக்காலக் கட்டுரைகள் சிலவற்றில் அத்தகைய ஆர்வமிகுதி காணப்படுகின்றது. காப்பியப் பேடி வேடிக்கைக்குரிய கூத்தாகவும், வென்ற வேந்தன் பிறர்க்குக் காட்டும் காட்சியின் பகுதியாகவுமே வருகின்றார். அவர் பேசும் ஒரு சொல்லும் காப்பியத்தில் இல்லை. பெண்மையை விட்டு ஆண்மையை நாடியோரின் தோற்றமோ இந்த அளவிற்கும் வருணிக்கப்படவில்லை.

இலக்கணமும் இரு முகம் காட்டுகின்றது. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்க்குத் தனக்கென ஈறு இல்லை என்றும், உயர்திணைக்குரிய பிற பாலின் ஈறுகளையே அது கொள்ளும் என்றும் தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறுகின்றது. ஆண்பால் ஈறு அதற்கு ஆகாது என விலக்கவும் செய்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் இதனை மாற்றி அமைத்தார். எதனை விட்டு எதனை அவாவுகின்றாரோ அதற்கேற்பவே பால் அமையும் என நன்னூல் (264) கொள்கின்றது. உடலை அளவாகக் கொள்ளாது அவாவை அளவாகக் கொண்டமை வியப்பிற்குரியது. ஆனால் அதே நூற்பா இவ்விருவரும் அஃறிணை போலவும் வரலாம் என ஒரு வாயிலைத் திறந்துவிடுகின்றது. இன்றைய வழக்கில் ‘அது’ எனச் சுட்டி இழிவுபடுத்துவோர் நன்னூலைப் படித்திருக்க மாட்டார்கள். எனினும் அவ்வசைக்கு இலக்கணத்தில் இடம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பலர்பால் ஈற்றை மரியாதைக்குரிய ஒருமையாக ஆளும் ‘அவர்’ என்னும் வழக்கு, ஆண், பெண் எனப் பிரிக்காமல் ஒருவரைச் சுட்டத் தமிழர்க்கும் மலையாளிகளுக்கும் இன்று பயன்படுகின்றது.

கிராப்பு வந்த வரலாறு

குறுமயிர் ஆணுக்குரியது என்னும் வழக்கு எப்போது வந்தது? சொல்லே விடை கூறுகின்றது. ‘கிராப்பு’ ஆங்கிலச் சொல். பொருளுக்குத் தமிழில் பெயர் இல்லாதிருந்ததனாலேயே பெயரும் பொருளோடு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரையில் தமிழகத்தில் குடுமி ஆடவர்க்குப் பொதுவான வழக்கம். கேரளத்தில் நம்பூதிரிகளும் நாயர்களும் முன்குடுமி வைத்தனர். குடுமி முன்னிருப்பதா பின்னிருப்பதா என்பது சாதியையும் நாட்டையும் காட்டியது. படை, காவல், அலுவலகம், கல்லூரி ஆகியவற்றின் வழியே கிராப்பு பரவியது. பாரதியார் காசியில் குடுமியை நீக்கி மீசை வைத்தபோது அவருடைய மாமா வருந்தினார் என்பது அவர் வரலாற்றைப் படித்தோர் அறிந்ததே. வி. டி. பட்டதிரிப்பாடு முதலியோர் முன்னின்ற நம்பூதிரி சீர்திருத்த இயக்கத்தில் குடுமி களைதல் ஓர் அடையாளச் செயலாயிற்று. அக்காலத்தில் மரபை மீறியவன் குறுமயிர் வைத்த ஆண். இன்று நெடுமயிர் வைத்த ஆணை மரபு மீறியவன் என்கிறோம். இடையே கழிந்தவை மூன்று அல்லது நான்கு தலைமுறைகளே.

மகளிர் கூந்தலைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும் எனப் பெரியார் வலியுறுத்தியதையும் இங்கு இணைத்துப் பார்க்க வேண்டும். தோற்றத்தில் ஆண், பெண் வேறுபாடு தேவையில்லை என்பது அவர் கருத்து. கிராப்பு ஆணுக்கே உரியதாக நிலைபெற்றுவந்த காலத்தில் அதனைப் பொதுவாக்க முயன்ற குரல் அது. ஆடவர் தலையில் கிராப்பு வென்றது. மகளிரைப் பொறுத்தவரை அவர் சொன்னது நடக்கவில்லை. நீளம் பாலின் அடையாளமாக உறுதிப்பட்டது அவ்வாறுதான்.

கத்தரிக்கோலும் தண்டனையும்

1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் இரண்டாம் பகுதி, பதிவு செய்யப்பட்ட அலிகள் பொது இடத்தில் பெண்ணைப்போல் உடுத்தோ அணிகலன் பூண்டோ தோன்றினால் ஈராண்டு வரை சிறைத் தண்டனை விதித்தது. (‘அலி’ என்னும் இழிசொல்லை அச்சட்டத்தின் சொல்லுக்கு நிகராகவே இங்கு ஆள்கிறோம்.) அப்பகுதி வட இந்தியாவில் செயற்பட்டது, தனியரசாயிருந்த கொச்சி அதன் எல்லைக்கு உட்பட்டதன்று. உடையையும் அணியையும் பேசிய சட்டம் மயிரைப் பேசவில்லை. ஆயினும் காவலர் ஹிஜ்ராக்களின் நெடுமயிரை வெட்டினர் என்பதை ஜெசிகா ஹிஞ்சி 2019இல் வெளியிட்ட ஆய்வால் அறிகிறோம்.

ஆட்சி செய்ததைக் குடும்பமும் செய்தது. அ. ரேவதியின் ‘வெள்ளை மொழி’ (2011) தன்வரலாற்றில், அவர் விரும்பி வளர்த்த கூந்தலை வீட்டார் மழித்துவிடும் பகுதி படிப்போரை நிலைகுலையச் செய்வது. அடித்த அடிகளினும் அவ்விழப்பே அவருக்குப் பெரிதாயிற்று. மறுபுறத்தில், ஹிஜ்ரா குடும்ப அமைப்பினுள்ளும் நெடுமயிர் ஒரு கடமையாகின்றது. பெருங்குற்றம் செய்தவரின் மயிரை வெட்டி விலக்கிவைக்கும் வழக்கத்தைச் செரீனா நந்தா தம் நூலில் (1990) குறித்துள்ளார். வீடு வெட்டச் சொல்கின்றது. அடைக்கலம் தந்த இடம் வளர்க்கச் சொல்கின்றது. இரண்டிடத்தும் மயிரின் அளவு ஒருவர் யார் என்பதற்குச் சான்றாகக் கேட்கப்படுகின்றது. ஆணாகவும் இராமல் பெண்ணாகவும் மாறாமல் இருக்க விழைபவருக்கு இவ்விரு சான்றுகளுமே பொய்ச்சான்றுகள். அவர் காதளவில் வெட்டிக்கொள்ளலாம், இடையளவு வளர்க்கலாம், இவ்வாண்டு ஒன்றும் அடுத்த ஆண்டு மற்றொன்றும் செய்யலாம். அதனால் அவர் பால் பற்றிய உண்மை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. தாடியையும் பூங்குழலையும் ஒருங்கே வைத்த பேடியின் வாய்பாடு இவ்வகையில் மட்டும் அவருக்குத் துணை நிற்கக்கூடும்.

2014 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஒருவரது தோற்றமும் உடைத் தேர்வும் கருத்துரிமையின்பாற் படும் எனக் கூறியது. அடுத்த ஆண்டே கேரளம் திருநர்க்கெனக் கொள்கை வகுத்து, இந்திய மாநிலங்களுள் முதலிடம் பெற்றது. 2017 சூனில் கொச்சி மெட்ரோ தொடங்கியபோது இருபத்துமூன்று திருநர் பணியமர்த்தப்பட்டதை நாளிதழ்கள் கொண்டாடின. வாடகைக்கு அறை கொடுப்பார் இல்லாமையால் அவர்களுட் சிலர் சில நாள்களிலேயே பணியை விட்டனர். அரசு ஆணை அவர்கள் கையில் இருந்தது. வீட்டு உரிமையாளரோ வாயிலில் நின்றவரின் தோற்றத்தைப் பார்த்தே விடை கூறினார்.