புழுதி தின்ற எஞ்சின்கள்

பதினெட்டு மாதம் செம்மண் நாட்டில் ஓடிய காரின் காற்று வடிகட்டி வெள்ளை வெளேரென்று இருந்தால் மகிழ்வதா, அஞ்சுவதா? குன்றக்குடியில் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறையில் போய் நிற்கும்வரை நான் மகிழ்ச்சியின் பக்கம்தான் இருந்தேன்.

தைப்பூசத்துக்கு முந்தைய நாட்கள் அவை. செட்டிநாட்டு ஊர்களிலிருந்து புறப்படும் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் ஒன்றுகூடி, சண்முகநாதரை வணங்கிவிட்டு அங்கிருந்து பழநிக்கு நடந்து செல்வது பல தலைமுறை வழக்கம். நடப்பவர்களின் மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு பின்னால் ஊர்ந்துவந்த வண்டிகளில் என்னுடையதும் ஒன்று. ஊருக்குள் நுழையும்போதே வண்டியின் பின்புறம் நீலப்புகை. எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது என்று அதற்குப் பொருள்.

பட்டறைக்காரர் அறுபதைக் கடந்தவர். புகையைப் பார்த்தவர் எஞ்சினைத் தொடவில்லை. நேரே காற்று வடிகட்டியின் பெட்டிக்குப் போனார். அதன் மூடியில் நான்கு கிளிப்புகள். மூன்றைத்தான் அவர் விடுவிக்க வேண்டியிருந்தது. நான்காவது ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளிருந்த தாள் வடிகட்டியை எடுத்து வெயிலில் பிடித்தார்.

"புதுசு மாதிரி இருக்கேண்ணே" என்றேன்.

"அதான் தம்பி பயமா இருக்கு."

எஞ்சினுக்குப் போகும் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். நுனியில் குங்குமம் தொட்டதுபோல் சிவப்பு. வேறோர் ஊரில், பதினெட்டு மாதத்துக்கு முன், வடிகட்டியை மாற்றியவர்கள் மூடியின் ஒரு முனையைத் தூக்கலாக விட்டிருக்கிறார்கள். தாளின் நுண்ணிய துளைகள் வழியாக நுழைவதைவிடத் திறந்துகிடக்கும் இடுக்கு வழியாக நுழைவது காற்றுக்கு எளிது. வடிகட்டி வெள்ளையாக இருந்ததற்குக் காரணம், அதற்கு வேலையே வைக்கப்படவில்லை என்பதுதான்.

மோட்டார் வாகனத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எஞ்சினை எழுதுகிறார்கள், சக்கரத்தை எழுதுகிறார்கள், மூக்கை எழுதுவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் 10,000 கிலோமீட்டர் ஓடி முடிக்கையில் சுமார் 60 லட்சம் லிட்டர் காற்றைக் குடித்திருக்கும். அந்தக் காற்றில் மிதக்கும் புழுதியின் பெரும்பகுதி மணலின் மூலப்பொருளான குவார்ட்ஸ் துகள். அது சிலிண்டரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியும் மணலைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரியாத துகளே மோசம். மனிதத் தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், எஞ்சினை அரிக்கும் துகள்களில் மிகக் கொடியவை 5 முதல் 20 மைக்ரான் வரை உள்ளவை. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே படரும் எண்ணெய்ப் படலத்துக்குள் புகுந்து, உப்புத்தாள்போல் இரண்டையும் தேய்த்துவிடும்.

இதை உலகம் உடனே உணர்ந்துவிடவில்லை. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காருக்கு, தொழிற்சாலையிலிருந்து வரும்போது காற்று வடிகட்டியே கிடையாது. காற்றைச் சுத்தப்படுத்தியாக வேண்டும் என்று முதலில் அலறியவர்கள் கார்க்காரர்கள் அல்லர், உழவர்கள். தான் எழுப்பும் புழுதிக்குள்ளேயே நாள் முழுக்க நின்று உழைப்பது டிராக்டர். 1915இல் அமெரிக்காவில் டிராக்டர் விற்றுக்கொண்டிருந்த ஃபிராங்க் டொனால்ட்சன், புழுதி தின்று பாழான எஞ்சின் ஒன்றைக் கண்டு, கம்பிக்கூண்டின்மேல் துணியைச் சுற்றி ஒரு வடிகட்டி செய்தார். இன்றும் அவர் பெயரில் நிறுவனம் இருக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். காரைக்குடிக்கு ரயில் வந்தது 1930இல். ஆனால் மோட்டார் அதற்கு முன்பே வந்துவிட்டது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்டார். பர்மாவிலும் மலாயாவிலும் பொருள் ஈட்டிய செட்டியார்களின் வீடுகளில் சீமைக் கார்கள் நின்றன. கார்கள் வந்துவிட்டன; சாலைகள் வந்திருக்கவில்லை. இருந்தவை செம்மண்ணும் சரளையும் போட்டு இறுக்கிய கப்பிச் சாலைகள். இரும்புப் பட்டை அடித்த மாட்டுவண்டிச் சக்கரங்கள் அந்தக் கப்பியை அரைத்து மாவாக்கும். பின்னால் வரும் மோட்டார் அந்த மாவைக் கிளப்பும். அதற்கும் பின்னால் வரும் மோட்டார் அதைக் குடிக்கும். டி.வி.எஸ். நிறுவனத்தார் சாலையில் உதிர்ந்து கிடந்த லாட ஆணிகளைப் பொறுக்கக் காந்தம் பூட்டிய வண்டி ஒன்றை ஓடவிட்டார்கள் என்பது பலரும் அறிந்த கதை. டயரைக் காப்பாற்ற வழி கிடைத்தது. புழுதிக்குக் காந்தம் ஏது?

வடிகட்டி என்றால் என்னவென்று தமிழ்நாட்டு ஓட்டுநர்களுக்குக் கண்டிப்பாகப் பாடம் நடத்தியது இரண்டாம் உலகப்போர் என்பேன். பெட்ரோல் பங்கீட்டுக்குப் போனது. பேருந்துகள் கரிவாயுவுக்கு மாறின. டி.வி.எஸ். நிறுவனமே அந்தக் கருவியைத் தயாரித்தது. பேருந்தின் பின்னால் ஓர் உலை, அதில் அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு பிறக்கும், அதுவே எரிபொருள். கூடவே சாம்பலும் கரித்தூளும் பிறக்கும். வாயுவைக் குளிரவைத்து, வடிகட்டிகள் வழியாகச் செலுத்திய பிறகே எஞ்சினுக்குள் விடலாம். சாம்பலைத் தட்டிச் சுத்தம் செய்யாமல் வண்டியை எடுக்க முடியாது. நம் பட்டறைக்காரரின் தந்தை அப்படியொரு வண்டியில் கிளீனராக இருந்தவராம். "கிளீனர்னு பேரு வந்ததே அதனாலதான்" என்று அவர் சொன்னார். சொல்லாராய்ச்சி அதை ஏற்காது, நான் மறுக்கவில்லை.

போருக்குப் பின் நமக்கு வாய்த்தது எண்ணெய்த்தொட்டி வடிகட்டி. 1950களின் இறுதியில் வந்து 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசடரின் பழைய வண்டிகளை ஓட்டியவர்களுக்கு அது நினைவிருக்கும். வட்டமான இரும்புச் சட்டி, அடியில் எண்ணெய், மேலே இரும்பு நார்வலை. உள்ளே வரும் காற்று எண்ணெய்ப் பரப்பை நோக்கி இறங்கிச் சட்டென்று மேலே திரும்பும். கனமான துகள் திரும்ப முடியாமல் எண்ணெயில் விழும். தப்பித்தது நாரில் ஒட்டும். எங்கள் வீட்டு அம்பாசடரில் இந்தச் சட்டியைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசும் வேலை எனக்கு வாய்த்திருந்தது. அடியில் செங்கல் நிறத்தில் படிந்த சேற்றை விரலால் வழித்தெடுப்பது சிறுவனுக்கு அலாதி இன்பம். பிறகு குறிக்கோடு வரைக்கும் புது எண்ணெய். கோட்டுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அதை உறிஞ்சிவிடும், கீழே விட்டால் புழுதி தப்பிவிடும். மலிவானது, எத்தனை முறையும் கழுவலாம், நம் நாட்டுக்கு ஏற்றது. குறை ஒன்றுதான்: காற்று வேகமாகப் பாய்ந்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். காவடிக்குப் பின்னால் ஊரும்போது, புழுதி மிகுந்திருக்கும் அதே நேரத்தில், அதன் பிடி தளர்ந்துபோகும்.

மடித்த தாள் அந்தக் குறையைத் தீர்த்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பிறகு அது சாதாரண வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. நூற்றுக்கு 99 பங்குக்கும் மேலாகப் புழுதியைப் பிடிக்கும். ஓரளவு அழுக்கேறிய தாள் புதுத் தாளைவிட நன்றாகப் பிடிக்கும், ஏனெனில் படிந்த புழுதியே இன்னொரு வடிகட்டியாகிவிடுகிறது. மாதம் ஒருமுறை கழற்றிச் சுவரில் தட்டுவதும், காற்றுக்குழாயால் பலமாக ஊதுவதும் தாளைக் கிழிக்கவே உதவும். அடைத்த வடிகட்டியால் பெட்ரோல் வீணாகிறது என்ற அச்சமும் கார்புரேட்டர் காலத்தது. 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் சோதித்தபோது, கணினி எரிபொருளை அளந்துவிடும் கார்களில் மைலேஜ் ஏறக்குறைய மாறவில்லை, இழுவைதான் குறைந்தது. ஆக, அடைத்துப்போன வடிகட்டி நம்மை மெதுவாக்கும், அவ்வளவே. சரியாக மூடாத பெட்டி நமக்கு எதையும் தெரிவிக்காது. வண்டி முன்னைவிட உற்சாகமாகவே ஓடும். என்னுடையதும் அப்படித்தான் ஓடியது.

இங்கே ஒரு சிறு விலகல். குன்றக்குடியிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில், 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறக்கப்பட்டது மத்திய மின்வேதியியல் ஆய்வகம். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பது அங்கே நெடுங்காலமாக ஆராயப்படும் பொருள்களில் ஒன்று. குன்றக்குடி அடிகளார் தம் ஊரின் வளர்ச்சித் திட்டத்துக்கு அந்த அறிவியலாளர்களை அழைத்துவந்தார். இரும்பின் ஒரு பகைவனான துருவுக்கு இத்தனை பெரிய கட்டடம். இன்னொரு பகைவனான புழுதிக்கு இந்தத் தகரக் கொட்டகை.

கொட்டகையில் வேலை நடந்தது. முதலில் எஞ்சினுக்குப் போகும் வாயில் சுத்தமான துணியைத் திணித்தார். பெட்டியைத் துடைக்கும்போது தூசி உள்ளே விழக்கூடாது. ஊதவில்லை, ஈரத்துணியால் ஒற்றியெடுத்தார். பழைய வடிகட்டியின் ஓர ரப்பரைக் காட்டினார்: மூடி தூக்கியிருந்த மூலையில் அது நிமிர்ந்தே பழகிப்போயிருந்தது. தாள் வெள்ளையாக இருந்தும் அதைத் தூக்கியெறிய அந்தக் காரணம் போதும். புதியதை வைத்து, ரப்பர் பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்ததா என்று விரலால் சுற்றிப் பார்த்தார். மூடியின் பின்புறத்து நாக்குகளை முதலில் துளைகளில் செருகி, பிறகே முன்பக்கத்தை இறக்கினார். நான்காவது கிளிப்பின் கொக்கி வளைந்திருந்தது.

"கம்பி போட்டுக் கட்டிடலாமாண்ணே?"

"கம்பி இழுக்கும் தம்பி, அமுக்காது."

பரணிலிருந்த பழைய பெட்டி ஒன்றிலிருந்து கிளிப்பைக் கழற்றி மாட்டினார். நான்கையும் எதிரெதிராகப் பூட்டினார். குழாயின் வளையத்தை முறுக்கிவிட்டு, மூடியின் விளிம்பு முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை தடவினார். புகைக்கு அவரிடம் மருந்து இல்லை. அதற்குக் காலம் கடந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த மாதம் எஞ்சினைப் பிரித்தார்கள். நான்கு சிலிண்டர்களிலும், பிஸ்டன் வளையம் ஏறி நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே, நகத்தை ஓட்டினால் தட்டும்படி ஒரு சிறு படி விழுந்திருந்தது.