வானிலை, காலநிலை: நாம் அறிய வேண்டிய அடிப்படைகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், 24 மணி நேரத்துக்குள் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழையே ஏறக்குறைய அவ்வளவுதான். இதுதான் காலநிலை மாற்றமா என்ற கேள்வி நம்மில் பலருக்கும் எழுந்திருக்கும். பதில் தேட, சில அடிப்படைகளைத் தெரிந்துகொள்வோம்.

இரண்டும் ஒன்றல்ல

இன்று மழையா, வெயிலா என்பது வானிலை. பொதுவாக 30 ஆண்டுப் பதிவுகளிலிருந்து கிடைக்கும் சராசரிப் போக்கு காலநிலை. ஆகவே ஒரு நாள் மழையை வைத்து காலநிலை மாறிவிட்டது என்றோ, குளிரான ஒரு மார்கழியை வைத்து மாறவில்லை என்றோ நாம் முடிவு கட்ட முடியாது.

பூமியின் போர்வை

சூரிய ஒளியால் சூடாகும் தரை, அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வெளியே விடுகிறது. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்ற பசுமை இல்ல வாயுக்கள் அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கின்றன. இவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். இவற்றால்தான் அது சுமார் 15 டிகிரியாக உள்ளது. போர்வை அவசியம். அது தடிப்பதுதான் பிரச்சினை.

தடிப்பது ஏன்?

நிலக்கரி, பெட்ரோல், டீசலை எரிப்பதும் காடுகளை அழிப்பதும் முக்கியக் காரணங்கள். தொழிற்புரட்சிக்கு முன், காற்றின் 10 லட்சம் பங்கில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 280 பங்கு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. 'சூரியனே காரணமாக இருக்கலாமே' என்று சிலர் கேட்பதுண்டு. அப்படியானால் மேல் வளிமண்டலமும் சூடாக வேண்டும். ஆனால் கீழே சூடு ஏற, மேலே உள்ள அடுக்கு குளிர்ந்து வருகிறது. வெப்பம் கீழேயே தங்குகிறது என்பதற்கு இதுவே அடையாளம்.

நமக்கு என்ன பாதிப்பு?

வெப்பம் 1 டிகிரி கூடினால், காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். எனவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு அதிகரிக்கிறது. கூடுதல் வெப்பத்தில் சுமார் 90 சதவீதத்தைக் கடல் உள்வாங்குகிறது. நீர் சூடாகி விரிவதாலும் பனிப்பாறைகள் உருகுவதாலும், 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்துள்ளது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வாழும் நாம் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

காயல்பட்டினத்தில் பெய்த மழைக்கு உடனடிக் காரணம், குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சி. அத்தகைய சுழற்சிகள் முன்பும் இருந்தன. சூடான கடலும் காற்றும் அவற்றுக்குக் கூடுதல் நீரைக் கொடுக்கின்றன. எனவே அடுத்த பருவமழைக்கு முன் ஊரின் குளங்களையும் வடிகால்களையும் தூர்வாரி, நீர் போகும் வழிகளை மறிக்காமல் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.