இரண்டு வாக்கும் ஒரு நாற்காலியும்



கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஊத்தங்கரை ஒன்றுதான் தனித்தொகுதி. தமிழகம் முழுவதும் 234இல் நமக்கு 44, பழங்குடியினருக்கு 2. எத்தனை இடம் என்று எப்போதும் எண்ணுகிறோம். அந்த இடத்தில் உட்காருகிறவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எண்ணுவதில்லை. ராயக்கோட்டையில் இன்று அதைத்தான் பேச வந்தேன்.

1919ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை மாகாணத்துக்கு 1920இல் தேர்தல் நடந்தது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி அமைச்சர்களிடம்; நிதியும் போலீசும் கவர்னர் பக்கம். சொத்தும் வரியும் உள்ளவருக்கே ஓட்டு. (இந்த மலைக்கோட்டைக்கு அந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானத்தில் 1881லேயே பிரதிநிதிகள் சபை கூடியது, அதுவும் நிலமும் வியாபாரமும் உள்ளவர்கள் சபைதான்.) சேரியிலிருந்து உள்ளே போக நியமனம் ஒன்றே வழி. எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் அப்படிப் போனவர்கள்.

நியமன உறுப்பினர் என்றால் தலையாட்டி என்று நினைத்துவிடக் கூடாது. ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை அரசு ஏற்கும் தீர்மானத்தை 1922இல் ராஜா கொண்டுவந்தார். பொதுத்தெரு, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சீனிவாசன் நிறைவேற்ற வைத்தார். அரசாணையும் வந்தது. அந்த ஆணையால் எத்தனை ஊர்க்கிணறு திறந்தது என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும்.

1932 ஆகஸ்டில் வகுப்புவாரித் தீர்ப்பு வந்தது. மாகாணச் சட்டமன்றங்களில் ஒடுக்கப்பட்டோருக்கு 71 சிறப்பு இடங்கள், சென்னைக்கு 18. எண் சிறியது. ஆனால் அந்தத் தொகுதிகளில் நம் வாக்காளருக்கு இரண்டு வாக்கு. ஒன்று, நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்க. மற்றொன்று, பொது வேட்பாளருக்கு. சேரியின் ஓட்டு வேண்டுமானால் ஊர்க்காரரும் சேரிக்கு வந்து கேட்டாக வேண்டும். இதன் மதிப்பை அம்பேத்கர் அறிந்திருந்தார்.

காந்தியின் உண்ணாவிரதம். செப்டம்பர் 24, பூனா ஒப்பந்தம். இடங்கள் 148 ஆயின, சென்னைக்கு 30. இரட்டை வாக்கு போயிற்று. அதற்கு ஈடாக இரண்டு சுற்று: நம் வாக்காளர்கள் முதலில் நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்த நால்வரில் ஒருவரைப் பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பார்கள். 1937இல் இப்படித்தான் நடந்தது. நம்மிடம் முதலாவதாக வந்தவரை விட்டு நான்காவதாக வந்தவரை ஊர் எடுத்துக்கொள்ளலாம். நாலு பேருக்கு மேல் போட்டியில்லை என்றால் முதல் சுற்றே கிடையாது.

குடியரசு வந்து எல்லோருக்கும் ஓட்டு கிடைத்தது. இரண்டு சுற்றும் போனது. ஆனால் 1952இல் சென்னை மாநிலத்தின் 375 இடங்களுக்கு இருந்த 309 தொகுதிகளில் 66 இரட்டை உறுப்பினர் தொகுதிகள். ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு; இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது. தனி இடத்துக்கானவரில் முதலில் வந்தவர் தனி இடத்தைப் பெறுவார். மிச்சமுள்ள எல்லோரிலும், நம்மவரையும் சேர்த்து, அதிக வாக்கு பெற்றவருக்குப் பொது இடம்.

இங்கேதான் சிக்கல் வந்தது. 1957இல் ஆந்திராவின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் பழங்குடியினர் இருவரும் வென்றார்கள். 565 வாக்கில் தோற்றவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. பழங்குடி வேட்பாளர் பொது இடத்தையும் வெல்லலாம் என்று 1959இல் தீர்ப்பானது. 1961இல் இரட்டைத் தொகுதிகளை ஒழித்துச் சட்டம் வந்தது. தொகுதி பெரிது, நிர்வாகம் சிரமம் என்றார்கள். காரணம் அது மட்டும்தான் என்று நான் நம்பவில்லை.

ஒரு தொகுதிக்கு ஒருவர் என்பது இயற்கை விதியல்ல. பிரிட்டனுக்குள் இருக்கும் வேல்ஸ், முப்பது லட்சம் சொச்சம் மக்கள். 1999இல் தொடங்கிய அதன் சட்டமன்றத்துக்குத் தொகுதிக்கு ஒரு வாக்கு, கட்சிப் பட்டியலுக்கு ஒரு வாக்கு என்று இரண்டு வாக்கு கொடுத்தார்கள். 2024இல் சட்டத்தை மாற்றி, 16 தொகுதி, தொகுதிக்கு ஆறு பேர், கட்சிகளின் வாக்கு விகிதப்படி 96 உறுப்பினர் என்றார்கள். அங்கே ஆறு பேர் சிரமமில்லை; இங்கே இரண்டு பேர் சிரமம்.

1961க்குப் பிறகு பொதுத்தொகுதியில் நம்மவருக்குச் சீட்டு கொடுக்கக் கட்சிகள் யோசிக்கின்றன. 2001 இடைத்தேர்தலில் திருச்சி மக்களவைப் பொதுத்தொகுதியில் தலித் எழில்மலை நின்று வென்றார். இன்றும் உதாரணம் கேட்டால் முதலில் அவர் பெயரைத்தான் சொல்கிறோம்.