வெம்மையும் சிசுவின் உறக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

பிறந்த சிசுவை எவ்வாறு கிடத்துவது, எவ்வளவு துணி போர்த்துவது என்பன வீட்டுப் பெண்களின் அன்றாட அலுவல்களாகவே கருதப்பட்டு வந்துள்ளன. போர்களையும் அரசியற் சாசனங்களையும் ஆராய்வோர் தொட்டிலின் பக்கம் திரும்பியமை அரிது. ஆயினும், கடந்த இரண்டரை நூற்றாண்டுக் காலத்தில் இவ்விடயம் குறித்து வழங்கப்பட்ட அறிவுரைகள் பல்லாயிரம் உயிர்களைக் காத்தும் உள்ளன; பறித்தும் உள்ளன. அவ்வறிவுரைகளின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதும், அவற்றுள் தவறானதொன்று நீண்ட காலம் நிலைத்தமைக்கான காரணங்களை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் சிசுவின் உடலியல்பு நோக்கற்பாலது. பிறந்த குழந்தையின் வியர்வைச் சுரப்பிகள் முழுமையாகத் தொழிற்படுவதில்லை. உடற்பரப்பில் தலை பெரும்பங்கினைக் கொண்டிருப்பதால், மிகையான சூடு பெரிதும் முகத்தின் வழியாகவும் தலையின் வழியாகவுமே வெளியேறுகின்றது. மேலும், வெம்மை மிகும்போது போர்வையை விலக்கவோ இடம்மாறிப் படுக்கவோ அதற்கு இயலாது. எனவே, அதனைக் கிடத்துபவர் செய்யும் முடிவே அதன் பாதுகாப்பாகின்றது.

ஐரோப்பாவில் நெடுங்காலமாகச் சிசுக்களைத் துணிப்பட்டிகளால் இறுகச் சுற்றிவைக்கும் வழக்கம் நிலவியது. 1748இல் இலண்டனில் வெளிவந்த வில்லியம் கடோகனின் கட்டுரை இவ்வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தது. சிசுவுக்கு எவ்வளவு சூடு கொடுத்தாலும் மிகையாகாது என்ற எண்ணமே முதற்பிழை என்பது அவர் வாதமாகும். மெல்லிய, தளர்ந்த ஆடையே போதுமென அவர் கூறியது இன்றும் பொருந்தும். ஆனால், சிசு பராமரிப்பு இதுவரை பெண்களின் கையில் விடப்பட்டதே தவறு, அறிவுடைய ஆடவரே அதனை நெறிப்படுத்த வேண்டும் என்றும் அவர் கருதினார். தொட்டிலின் மீதான அதிகாரம் தாயிடமிருந்து வைத்தியருக்கு மாறத் தொடங்கியதன் அடையாளமாக இக்கருத்தினைக் கொள்ளலாம்.

அவ்வதிகாரம் நன்மைக்கும் பயன்படக்கூடியது என்பதற்கு 1908ஆம் ஆண்டின் நியூயோர்க் நகரம் சான்றாகும். அந்நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில், காற்றும் வெளிச்சமும் புகாத அடுக்குக் குடியிருப்புகளில் ஏழைக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்தனர். கோடை வந்ததும் பால் கெட்டு, வயிற்றோட்டத்தினாற் சிசுக்கள் பெருந்தொகையாக இறந்தன. நகர சுகாதாரத் திணைக்களத்தைச் சேர்ந்த வைத்தியர் சாரா ஜோசபின் பேக்கர், பிறப்புப் பதிவானவுடனேயே தாதியரை அவ்வீடுகளுக்கு அனுப்பினார். தாய்ப்பால் ஊட்டுதல், சன்னலைத் திறந்து வைத்தல், நாள்தோறும் குளிப்பாட்டுதல், மெல்லிய ஆடை உடுத்துதல் ஆகியனவே கற்பிக்கப்பட்டன. அக்கோடையில் அப்பகுதியில் முன்னைய ஆண்டினும் 1,200 மரணங்கள் குறைந்தன என அவர் 1939இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றிற் குறிப்பிடுகின்றார். புதிய மருந்தெதுவும் அங்கு கண்டுபிடிக்கப்படவில்லை. அறிவு வீட்டு வாசலுக்குச் சென்றது, அவ்வளவே.

ஆனால், அதே வாசல் வழியாகத் தவறான அறிவும் நுழைய முடிந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலைநாடுகளிற் சிசுவைக் குப்புறக் கிடத்துமாறு வைத்தியர் பலர் கூறத் தொடங்கினர். பெஞ்சமின் ஸ்பொக் 1946இல் எழுதிய, உலகெங்கும் விற்பனையான குழந்தை வளர்ப்பு நூலின் 1950களின் பிற்பகுதிப் பதிப்புகளும் இதனையே வலியுறுத்தின. மல்லாந்து கிடக்கும் குழந்தை வாந்தியெடுத்தால் மூச்சடைக்கும் என்பதும், தலை ஒருபுறம் தட்டையாகும் என்பதும் கூறப்பட்ட காரணங்களாகும். குறைமாதக் குழந்தைகள் வைத்தியசாலைகளிற் குப்புறக் கிடக்கையிற் சிறப்பாகச் சுவாசித்தமையும் இக்கருத்துக்கு வலுவூட்டியது. வைத்தியசாலையின் கண்காணிப்பில் நோயுற்ற சிசுவுக்குப் பொருந்தியது, வீட்டில் உறங்கும் நலமான சிசுவுக்கும் பொருந்துமெனக் கொள்ளப்பட்டது. சோதித்துப் பார்க்கப்படாத இவ்வனுமானமே பிழையின் வேராகும்.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 1944இலேயே நியூயோர்க்கில் மூச்சடைத்து இறந்ததாகப் பதிவான சிசுக்களிற் பெரும்பாலானவை குப்புறக் கிடந்தவை என ஹரோல்ட் ஏபிரம்சன் சுட்டிக்காட்டியிருந்தார். 1969இல் சியாட்டில் நகரில் நடைபெற்ற மாநாடு ‘திடீர்ச் சிசு மரணம்’ எனும் பெயரை வரையறுத்தது. ஆனால், பெயரிடப்பட்ட பின்னரும் அறிவுரை மாறவில்லை. அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் சூசன் பீல் 1970களிலிருந்து சிசுவை இழந்த வீடுகளுக்கு நேரிற் சென்று, குழந்தை கிடந்த நிலையைக் கேட்டறிந்து பதிவுசெய்தார். 1985இல் டி. பி. டேவிஸ், ஹொங்கொங்கில் இம்மரணம் அரிதென்றும், அங்குள்ள சீனத் தாய்மார் மரபாகவே சிசுவை மல்லாத்திக் கிடத்துகின்றனர் என்றும் எழுதினார். நெருக்கமும் வெப்பமும் மிக்க ஒரு நகரின் தாய்மார் செய்துவந்ததை, வசதி மிக்க நாடுகளின் வைத்திய நூல்கள் அறியாதிருந்தன.

வெம்மையின் பங்கும் இக்காலத்திலேயே தெளிவாயிற்று. பிறிஸ்ரல் நகரைச் சேர்ந்த பீற்றர் பிளெமிங்கும் அவர் குழுவினரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு, குப்புறக் கிடத்தல், மிகையான போர்வை, இரவு முழுவதும் சூடாக்கப்பட்ட அறை ஆகியன ஆபத்தைப் பெருக்குவதைக் காட்டியது. முகம் படுக்கையிற் புதையும்போது சூடு வெளியேறும் வழியும் அடைபடுகின்றது. குளிர்நாட்டுச் சிசுக்கள் பனிக்காலத்திற் செயற்கையான வெம்மைக்கு ஆளாயின என்பது இவ்வரலாற்றின் முரணாகும்.

நெதர்லாந்து 1987இலேயே அறிவுரையை மாற்றியது. பிரித்தானியாவில், 1991 யூலையில் தம் மகனை இழந்த தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமன்ட்டின் முயற்சியும் சேர, அவ்வாண்டு டிசம்பரில் ‘மல்லாந்து உறங்குக’ எனும் இயக்கம் தொடங்கியது. ஐக்கிய அமெரிக்கா 1994இல் அவ்வழி சென்றது. சில ஆண்டுகளுள் பிரித்தானியாவில் இம்மரணங்கள் பாதிக்கும் மேலாகக் குறைந்தன. வாந்தியால் மூச்சடைக்கும் என்ற அச்சமும் மெய்ப்படவில்லை.

ரூத் கில்பேர்ட்டும் பிறரும் 2005இல் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒருங்கே தொகுத்து நோக்கினர். 1970அளவிலேயே போதிய சான்று இருந்தது என்பதும், அது அப்போதே தொகுக்கப்பட்டிருப்பின் பிரித்தானியாவில் 10,000க்கும் மேற்பட்ட, ஐரோப்பா, ஐக்கிய அமெரிக்கா, அவுஸ்திரலேசியா ஆகியவற்றிற் குறைந்தது 50,000 சிசுக்களின் உயிர் காக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதும் அவர்தம் முடிவாகும். சான்றுகள் இருந்தன, அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்ப்பார் இருக்கவில்லை. நூலாசிரியரின் புகழ் சான்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அறிவுரையை நம்பிப் பின்பற்றிய பெற்றோரோ தம்மையே நொந்துகொண்டனர்.

இவ்வரலாற்றிலிருந்து, மரபு யாவும் நன்று, நூல்கள் யாவும் தீது என முடிவு கட்டுதல் பொருந்தாது. ஹொங்கொங்கின் மரபு உயிர் காத்தது. ஐரோப்பாவின் துணிப்பட்டி மரபோ வருத்தியது. எமது இல்லங்களில் பாட்டியர் பனையோலை விசிறியால் வீசிய காற்று சிசுவுக்கு இதமானதே. ஆனால், சேலையிற் கட்டும் ஏணையில் உடல் வளைந்து, நாடி மார்பில் அழுந்தி மூச்சு தடைப்படக்கூடும். சமதளமான, உறுதியான படுக்கையில், தலையணையின்றி, தலையை மூடாது, மல்லாத்திக் கிடத்துதலே இன்றைய மருத்துவம் கூறுவது. வெயிற்காலத்தில் ஒரு மெல்லிய பருத்தியாடை போதும். கை, கால்களை அன்றி, மார்பையோ பிடரியையோ தொட்டே சூட்டினை அறிதல் வேண்டும். தாகமென்று தண்ணீர் பருக்குதல் முதல் ஆறு மாதங்களுக்கு வேண்டியதில்லை. அடிக்கடி ஊட்டும் தாய்ப்பாலே போதுமானது.

இவ்வறிவுரைகளும் நாளைய சான்றுகளால் திருத்தம் பெறலாம். பேக்கரின் தாதியர் வீடுதோறும் சென்று கற்பித்தனர். சூசன் பீல் வீடுதோறும் சென்று கேட்டறிந்தார். இவ்விரண்டும் இணைந்து நிகழ்ந்திருப்பின் அரை நூற்றாண்டுத் தவறு இத்துணைக் காலம் நீடித்திராது எனலாம்.